நீரின் இரண்டாம் விளைச்சல்

நுழையும்முன்

காவிரிப் படுகை என்றதும் நெல்வயலே நம் நினைவுக்கு வருகிறது. அவ்வயலுக்கு நீர் கொண்டுவரும் ஆறும் வாய்க்காலும் குளமும் கழிமுகமும் மீன்களின் வாழிடங்களாகவும் இருக்கின்றன. அவ்வுயிர்களைப் பற்றிய அறிவைக் கல்லூரியில் கற்கும் வாய்ப்பு இன்று படுகையின் கடைமடைப் பகுதியிலேயே அமைந்துள்ளது. அப்படிப்பு ஏன் தேவை, அது எவற்றைக் கற்பிக்கிறது, இன்னும் எவற்றைக் கற்பிக்க வேண்டும் என்பன குறித்து இக்கட்டுரை தன் கருத்தை முன்வைக்கிறது.

வயலுக்குள் வந்த மீன்

சோழநாட்டைச் சோற்றால் அடையாளம் காண்பது தமிழ் மரபு. ஆண்டுதோறும் ஜூன் 12ஆம் நாள் மேட்டூர் அணை திறக்கப்படுமா என்னும் வினாவோடுதான் தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களின் உழவர்கள் கோடையைக் கழிக்கின்றனர். கல்லணையில் பிரியும் நீர் வெண்ணாறாகவும் வெட்டாறாகவும் எண்ணற்ற வாய்க்கால்களாகவும் கிளைத்து வயலை அடைகிறது. அந்நீர் நெல்லை மட்டும் விளைவிக்கவில்லை. அயிரையும் கெளுத்தியும் குறவையும் விராலும் அதே நீரோடு வயலுக்குள் வந்தன. கதிர் முற்றும் காலத்தில் வரப்போரப் பள்ளங்களில் தங்கின. அணை மூடப்படும் ஜனவரி இறுதிக்குப் பின், வற்றும் வாய்க்கால்களிலிருந்து கூலித் தொழிலாளர் வீட்டு அடுப்புக்குச் சென்றன. சங்கப் புலவர்கள் மருத நிலத்தைப் பாடியபோது வாளையையும் வராலையும் கெண்டையையும் நெல்லோடு சேர்த்தே பாடியதற்குக் காரணம், அவர்கள் கண்ட வயல் அவ்வாறே இருந்தது என்பதுதான்.

இந்த இரண்டாம் விளைச்சலை எவரும் மூட்டைக் கணக்கில் எழுதி வைக்கவில்லை. விலை கொடுத்து வாங்காத உணவு என்பதால் அது கணக்கேடுகளில் இடம்பெறவில்லை. பூச்சிக்கொல்லிகள் வயல்நீரில் கலந்தபோதும், வாய்க்கால்கள் தூர்ந்தபோதும், குளங்கள் சுருங்கியபோதும் நெல்லுக்கு ஏற்பட்ட இழப்பு பேசப்பட்டது. மீனுக்கு ஏற்பட்ட இழப்பு பேசப்படவில்லை. கணக்கில் இல்லாத செல்வம் தொலைந்தாலும் அதைத் தேடுவோர் இல்லை. மீன்வள அறிவியலைப் படுகையின் இளைஞர்கள் கற்க வேண்டும் என்று கூறுவதற்கு இதுவே முதற்காரணம்.

நெல்லுக்கு உரிய அறிவியல் இங்கு நெடுநாள் முன்பே வேர்கொண்டது. ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நிலையம் தோன்றிய ஆண்டு 1922. மீனுக்கும் அரசு அமைப்பு அதற்கு முன்பே இருந்தது. சர் பிரெடரிக் நிக்கல்சனின் முயற்சியால் 1907இல் சென்னை மாகாணத்தில் மீன்வளத்துக்கெனத் தனி அமைப்பு உருவானது. எனினும் மீன்வளத்தைப் பட்டப்படிப்பாகக் கற்பிக்கும் கல்லூரி தமிழ்நாட்டில் 1977இல்தான், தூத்துக்குடியில், தொடங்கப்பட்டது. நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகம் 2012இல் நிறுவப்பட்டது. இன்று அது தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகம் என வழங்கப்படுகிறது. அதன்கீழ் நாகை மாவட்டத் தலைஞாயிற்றிலும் ஒரு மீன்வளக் கல்லூரி இயங்குகிறது. காலம் தாழ்ந்து வந்தாலும், அறிவு இப்போது நம் வாசலுக்கே வந்துள்ளது. அதை நாம் எவ்வாறு ஏற்கப் போகிறோம் என்பதே வினா.

நான்காண்டுப் படிப்பு

இளநிலை மீன்வள அறிவியல் நான்காண்டுப் படிப்பு. நீருயிரி வளர்ப்பு, மீன்வள மேலாண்மை, நீர்ச் சூழலியல், மீன்நோய்கள், மீன் பதன்தொழில்நுட்பம், மீன்வளப் பொறியியல், பொருளியல், விரிவாக்கம் எனப் பல துறைகள் அதில் அடங்கியுள்ளன. உயிரியல் மட்டும் கற்றால் போதும் என எண்ணிச் சேரும் மாணவர், வேதியியலும் புள்ளியியலும் பொறியியலும் சட்டமும் தம்மை எதிர்கொள்வதைக் காண்பார். இறுதியாண்டில் ஊர்ப்புறங்களில் தங்கி மீனவரிடமும் மீன் வளர்ப்போரிடமும் களப்பயிற்சி பெறுவதும் படிப்பின் ஒரு பகுதியாகும்.

இவ்வறிவு ஊர்க் குளத்தில் எவ்வாறு பயன்படும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: மீன் வளர்க்கும் குளத்தில் சில நாள்களில் விடியற்காலையில் மீன்கள் நீர்ப்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். மீன்களுக்குப் பசி என்று கருதி மேலும் தீவனம் இடுவோர் உண்டு. உண்மையில் அவை உயிர்வளிக்காகத் தவிக்கின்றன. குளத்து நீரைப் பச்சையாக்கும் நுண்பாசிகள் பகலில் ஒளிச்சேர்க்கையால் உயிர்வளியை வெளியிடுகின்றன. இரவில் அவையும் மீன்களைப் போலவே உயிர்வளியை எடுத்துக்கொள்கின்றன. ஆகவே, நீரில் கரைந்த உயிர்வளி சூரியன் எழுவதற்குச் சற்று முன்னர் மிகக் குறைந்திருக்கும். அந்நேரத்தில் இடப்படும் தீவனம் உண்ணப்படாமல் அழுகி, எஞ்சிய உயிர்வளியையும் குறைத்துவிடும். தீவனத்தை நிறுத்தி, புதுநீரைப் பாய்ச்சி, நீரைக் கலக்கிவிட வேண்டும் என்பதை அறிந்தவர் ஒருவர் அருகில் இருந்தால் ஓராண்டு உழைப்பு ஒரே விடியலில் செத்து மிதக்காது.

படுகையின் குளங்களுக்கு இன்னொரு சிறப்பியல்பும் உண்டு. அவற்றில் பல, ஆற்றில் நீர் வரும் காலத்தில் நிரம்பிக் கோடையில் வற்றிவிடும். ஆண்டு முழுவதும் நீர் நிற்கும் குளத்துக்குரிய முறை இவற்றுக்குப் பொருந்தாது. எத்தனை மாதம் நீர் நிற்கும், அதற்குள் எந்த மீன் எவ்வளவு வளரும், எந்த அளவுக் குஞ்சுகளை இட வேண்டும் என்று கணக்கிட வேண்டும். மேல்நீரில் மேயும் கட்லா, இடைநீரில் மேயும் ரோகு, அடிநீரில் மேயும் மிர்கால் ஆகியவற்றை ஒரே குளத்தில் உரிய விகிதத்தில் இடும் கூட்டு மீன்வளர்ப்பு, உணவுக்கான போட்டியைக் குறைக்கிறது. குளத்தை ஏலம் எடுக்கும் மகளிர் குழுவோ சிறு உழவரோ இக்கணக்கை ஊகத்தால் செய்யும்போது, தவற்றின் விலையை அவர்களே செலுத்துகின்றனர்.

ஒரு கண்டுபிடிப்பும் ஒரு மறதியும்

நம் சந்தைகளில் விற்கும் கட்லாவும் ரோகுவும் காவிரியின் பிள்ளைகள் அல்ல. வடநாட்டு ஆறுகளிலிருந்து வந்தவை. இவ்வகைப் பெருங்கெண்டைகள் வெள்ளம் பெருகும் ஆற்றில் முட்டையிடும். தேங்கிய குளத்தில் வளருமேயன்றி இனம்பெருக்கா. எனவே, ஆற்றிலிருந்து சேகரித்த குஞ்சுகளையே மீன் வளர்ப்போர் நம்பியிருந்தனர். அக்குஞ்சுகளோடு வேண்டாத மீன்களின் குஞ்சுகளும் கலந்து வந்தன. இத்தடையை நீக்கியவர் ஹீராலால் சௌத்ரி. மீனின் மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசிவழிச் செலுத்தி, பெருங்கெண்டைகளைத் தூண்டி முட்டையிடச் செய்யும் முறையில் அவர் 1957ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் ஒடிசாவின் அங்குலில் வெற்றி கண்டார். அந்நாளே இன்று தேசிய மீன்வளர்ப்போர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. இந்தியக் குளங்களில் மீன் பெருகியதன் பின்னே அந்த ஓர் ஊசியின் வரலாறு உள்ளது.

இவ்வெற்றிக்கு ஒரு மறுபக்கமும் இருக்கிறது. எளிதில் குஞ்சு கிடைக்கும் மீன்கள் எங்கும் பரவியபோது, காவிரிக்கே உரிய கருமுழிக்கெண்டை, வெண்கெண்டை, சேல்கெண்டை போன்றவை பின்தள்ளப்பட்டன. 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா, குளங்களில் கட்டுக்கடங்காமல் பெருகி உள்நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. கடலிலிருந்து ஆற்றுக்குள் ஏறிவந்து முட்டையிடும் உல்லம் மீனின் கதை இன்னும் துயரமானது. கொள்ளிடத்தில் அணைக்கரைவரை அது வந்துகொண்டிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாண மீன்துறையினர் கொள்ளிடத்திலேயே அதனைச் செயற்கையாக இனம்பெருக்க முயன்றனர். அணைகள் பாசனத்தைப் பெருக்கின. மீனின் வழியை மறித்தன. 1934இல் மேட்டூர் அணை எழுந்தபின் ஆற்றின் வெள்ளப்போக்கே மாறிப்போனது. அணை கூடாதென்று கூறுவது என் நோக்கமன்று. அணையால் கோடிக்கணக்கானோர் உண்டனர். ஆனால், ஓர் ஆற்றை மாற்றியமைக்கும்போது அதில் வாழ்வன என்னவாகும் என்று கேட்கும் அறிவு, திட்டமிடுவோரின் அவையில் இடம்பெற வேண்டும். காவிரிக் கெண்டைகளை இனம்பெருக்கி மீண்டும் ஆற்றில் விடும் பணிக்கு ஆராய்ச்சியாளர்கள் தேவைப்படுகின்றனர். அப்பணியை இவ்வாற்றின் கரையில் பிறந்தவர் செய்வது பொருத்தமானது.

நாகை தந்த பாடம்

தொழில்நுட்பம் மட்டும் போதாது என்பதற்குப் படுகையே சான்று. 1990களின் தொடக்கத்தில் நாகை மாவட்டக் கடலோரத்தில் இறால் பண்ணைகள் விரைந்து பரவின. அந்நியச் செலாவணியும் பெருத்த வருவாயும் கிட்டும் என்று அவை வரவேற்கப்பட்டன. பண்ணைகளுக்கு உவர்நீர் ஏற்றப்பட்டது. கழிவுநீர் வாய்க்கால்களிலும் கடலிலும் விடப்பட்டது. அண்டை வயல்கள் உவர்ப்பேறின, குடிநீர்க் கிணறுகள் கெட்டன, மீனவர்கள் கடற்கரைக்குச் செல்லும் வழிகள் அடைபட்டன என்று ஊர்மக்கள் முறையிட்டனர். நிலமற்றோருக்காக வாழ்நாள் முழுவதும் உழைத்த காந்தியவாதிகள் ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனும் அம்மக்களோடு நின்றனர். ஜெகந்நாதன் 1994இல் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் தீர்ப்பளித்தது. மரபுவழிப் பண்ணைகள் நீங்கலாகக் கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துள் அமைந்த இறால் பண்ணைகளை அகற்ற வேண்டும். சூழலைக் கெடுத்தவரே இழப்பீடு தர வேண்டும் என்பன அத்தீர்ப்பின் சாரம். இதற்கிடையே வெண்புள்ளி நோய் பரவி, பண்ணையாளர் பலரையும் கடனாளியாக்கியது. பின்னர் 2005இல் கடலோர நீருயிரி வளர்ப்பு ஆணையச் சட்டம் இயற்றப்பட்டு, பண்ணைகள் பதிவுக்கும் நெறிமுறைக்கும் உட்படுத்தப்பட்டன.

இவ்வரலாற்றை இறாலுக்கும் நெல்லுக்கும் நடந்த போராகச் சுருக்கிப் பார்ப்பது எளிது. நான் அதை வேறு வகையில் காண்கிறேன். ஓர் ஏக்கரில் எவ்வளவு இறால் வளர்க்கலாம் என்பதை அறிந்தவர்கள் அன்று இருந்தனர். அந்த மண் எவ்வளவு உப்பைத் தாங்கும், அந்த வாய்க்கால் எவ்வளவு கழிவைத் தாங்கும், அந்த ஊர் எவ்வளவு இழப்பைத் தாங்கும் என்று முன்கூட்டியே கணக்கிட்டுச் சொல்லும் குரல் வலுவாக இல்லை. வளர்ப்புக்கலை முன்னே ஓடியது. மேலாண்மை பின்னே நொண்டியது. விளைவாக, ஆய்வகத்திலும் ஊர்க்கூட்டத்திலும் தீர்ந்திருக்க வேண்டிய வினா நீதிமன்றம் ஏற நேர்ந்தது. இன்றும் பசிபிக் வெள்ளை இறால் வளர்ப்பு கடலோரத்தில் நடைபெறுகிறது. அதில் வேலையும் வருவாயும் உண்டு. எனவே, அப்பண்ணைகளை நடத்தத் தெரிந்தவரும், எங்கே நடத்தக்கூடாது என்று சொல்லத் துணிந்தவரும் ஒருவராகவே இருக்கும்படி மாணவரை உருவாக்குவது மீன்வளக் கல்வியின் கடமையாகும்.

கடலில் கலக்கும் நீர்

வெள்ளக் காலங்களில் கொள்ளிடத்தின் வழியே நீர் கடலுக்குச் செல்லும்போது, 'நீர் வீணாகிறது' என்னும் குரல் எழுகிறது. கடைமடை வயல் காய்ந்து கிடந்த ஆண்டுகளை நினைக்கும் உழவரின் வேதனையில் முழு நியாயம் உண்டு. நீரைத் தேக்கும் வழிகளைப் பெருக்கவும் வேண்டும். ஆயினும், 'வீண்' என்னும் சொல்லை மீன்வள அறிவியல் ஏற்பதில்லை. வெள்ளை இறால் கடலில் முட்டையிடும்; அதன் இளம் உயிர்கள் உப்பும் நன்னீரும் கலந்த கழிமுகங்களை நாடிவந்து வளர்ந்து, பின்னர்க் கடல் திரும்பும். சேற்று நண்டின் வாழ்க்கையும் கழிமுகத்தையும் கடலையும் இணைத்தே அமைகிறது. முத்துப்பேட்டை அலையாத்திக் காடுகள் இத்தகைய குஞ்சுகளுக்குத் தொட்டிலாக விளங்குகின்றன. ஆற்று நீர் குறையக் குறையக் கழிமுகத்தின் உவர்ப்பு மிகுகிறது. அலையாத்திகளும் அவற்றை நம்பிய உயிர்களும் நலிகின்றன. ஆகவே, கடலுக்குச் செல்லும் நீரில் ஒரு பங்கு மீனவரின் பாசனம் எனலாம். எவ்வளவு பங்கு, எந்த மாதங்களில் என்பதைச் சொல்ல அளவீடுகள் வேண்டும். உழவரும் மீனவரும் ஒரே நீரைப் பங்கிடும் நிலத்தில், அந்த அளவீடுகளை இருவருக்கும் விளங்க எடுத்துரைப்பவர் இரு சாராருக்கும் நண்பராவார்.

கடலிலும் இதே நிலைதான். தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகு மீன்பிடிப்புத் தடை செய்யப்படுகிறது. மீன்கள் இனம்பெருக இடமளிப்பதே தடையின் நோக்கம். ஆறு திறக்கும் நாளும் கடல் திறக்கும் நாளும் இவ்வாறு ஒரே வாரத்தில் அடுத்தடுத்து அமைகின்றன. தடைக்காலம் போதுமா, வலைக்கண் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், எத்தனை படகுகளை இக்கடல் தாங்கும் என்னும் வினாக்களுக்கு விடைதர மீனின் வயதையும் வளர்ச்சியையும் அறிய வேண்டும். மரத்தின் ஆண்டு வளையங்களைப் போல மீனின் செவிக்கல்லில் படியும் வளையங்களைக் கொண்டு அறிஞர்கள் வயதைக் கணிக்கின்றனர். தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு 2022இல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. மல்லிப்பட்டினத்திலும் அதிராம்பட்டினத்திலும் வலை இழுப்போரின் ஒத்துழைப்பு இல்லையேல் அவ்வறிவிப்பு தாளளவில் நின்றுவிடும்.

இங்கு ஒரு கருத்தை வலியுறுத்த வேண்டும். அறிவு கல்லூரியில் மட்டும் இருப்பதன்று. நீரின் நிறத்தையும் காற்றின் திசையையும் கொண்டு மீன்கூட்டத்தை அறியும் மீனவரின் பட்டறிவு தலைமுறைகளின் உழைப்பு. தீங்கு விளைவிக்கும் வலைகளை ஊர்ப் பஞ்சாயத்து கூடித் தடுக்கும் வழக்கம் சோழமண்டலக் கடற்கரையில் உண்டு. பட்டம் பெற்றவர் அம்மக்களிடம் கற்பிக்கச் செல்லும் முன் கேட்கச் செல்ல வேண்டும். அவ்வறிவையும் அளவீட்டையும் ஒருங்கே வைத்துப் பார்ப்பதுதான் நல்ல மேலாண்மை.

தயக்கங்கள்

இப்படிப்பைக் குறித்து மூன்று தயக்கங்கள் நிலவுகின்றன. முதலாவது, 'மீன் படிப்பா?' என்னும் ஏளனம். இது மீனைப் பற்றியதன்று. மீனோடு உழைக்கும் மனிதரைப் பற்றிய பழைய இழிநோக்கு. அரிசியைக் கற்பது மதிப்பு என்றும் மீனைக் கற்பது இழிவு என்றும் எண்ணுவது அறிவுடைமையாகாது. கரையோர ஊர்களின் பிள்ளைகள் இப்படிப்பில் சேர்ந்து, தம் பெற்றோரின் தொழிலை அறிவியலின் மொழியிலும் பேசத் தொடங்கும்போது அவ்விழிநோக்கு தானே தளரும்.

இரண்டாவது, வேலை பற்றிய ஐயம். மாநில மீன்வளத் துறை, மைய ஆராய்ச்சி நிறுவனங்கள், குஞ்சு பொரிப்பகங்கள், தீவன ஆலைகள், ஏற்றுமதிக்கான பதன்நிலையங்கள், வங்கிகளின் வேளாண் அலுவலர் பணி எனப் பல வாயில்கள் இருப்பது உண்மை. அரசுப் பணியிடங்கள் சிலவே என்பதும் உண்மை. அதை மறைத்து மாணவரை அழைப்பது முறையன்று. எனவே, கேள்வியை அரசை நோக்கியும் திருப்ப வேண்டும். உழவருக்கு வட்டாரந்தோறும் வேளாண்மை விரிவாக்க மையம் இருப்பதைப் போல, குளங்கள் மிகுந்த படுகையின் ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒரு மீன்வளப் பட்டதாரி அமர்த்தப்பட வேண்டும். படித்த அறிவு ஊரில் பயன்படாமல் வங்கிப் படிவங்களில் முடங்கினால் அது தனியொருவரின் இழப்பு மட்டுமன்று.

மூன்றாவது, மொழி. இப்படிப்பு ஆங்கிலவழியில் நடைபெறுகிறது. பட்டதாரி பேச வேண்டிய மக்களோ தமிழில் வாழ்கின்றனர். உளுவை, ஆரால், கெளிறு என்று ஒவ்வோர் ஊரிலும் வழங்கும் பெயர்களை அறிவியற் பெயர்களோடு இணைத்துத் தொகுப்பதும், நோயும் மருந்தும் நீர்த்தரமும் பற்றி எளிய தமிழில் எழுதுவதும் மாணவர்களே தொடங்கத்தக்க பணிகள். தமிழைச் செம்மையாகக் கற்ற ஒருவருக்கு அது கூடுதல் தகுதியாக அமையும்.

தேர்வு உங்களுடையது

பதினொன்றாம் வகுப்பில் உயிரியல் பயிலும் நீங்கள், மருத்துவக் கனவு கைகூடாவிடில் எஞ்சியதை ஏற்கும் மனநிலையில் இப்படிப்பை அணுக வேண்டா. மேனிலைத் தேர்வு மதிப்பெண்ணைக் கொண்டே இதில் சேர்க்கை நடைபெறுகிறது. விரும்பித் தேர்ந்து வருவோருக்கே இது தன் பரப்பைக் காட்டும். சேறும் வெயிலும் விடியற்கால விழிப்பும் இதில் உண்டு. செத்து மிதக்கும் குளத்தின் கரையில் ஓர் உழவரின் முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்ல வேண்டிய நாளும் வரும்.

ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் ஆற்றில் நீர் வருமா என்று படுகை முழுவதும் கேட்கிறது. வந்த நீரில் என்னென்ன வாழ்கின்றன, அவை அடுத்த ஆண்டும் வாழுமா என்று கேட்பதற்கும் ஒவ்வோர் ஊரிலும் ஒருவர் வேண்டும். உங்கள் ஊரில் அவ்வாறு கேட்பவர் இதுவரை இல்லையெனில், அவ்விடம் உங்களுக்காகக் காத்திருக்கிறது.